பிடியரிசியும் உக்கிராணமும்: திருச்சபைக் கொடையில் அறப்பொறுப்பு

முன்னுரை

ஈகையைப் போற்றாத சமயம் இல்லை. எனினும், கொடுப்பவன் எவ்வுரிமையில் கொடுக்கிறான் என்னும் வினாவிற்குக் கிடைக்கும் விடைகள் ஒருதன்மையன அல்ல. பொருள் கொடுப்பவனுக்கே உரியது எனின், கொடை வள்ளன்மையாகும். பிறருக்கு உரியது எனின், அது கடமையாகும். கிறித்தவ மரபு இரண்டாவது நிலையை மேற்கொள்கிறது. உலகும் அதிலுள்ள யாவும் இறைவனுடையவை என்றும், மனிதன் அவற்றைப் பொறுப்பேற்று நடத்துபவன் என்றும் அது கருதுகிறது. திருச்சபை வாழ்வில் இக்கருத்து பெரும்பாலும் கொடுப்போரை நோக்கியே பேசப்படுகிறது. அது பெறுவோரை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை, மிசோரம் மாநிலத்தின் பிடியரிசிக் காணிக்கையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

உக்கிராணம்: சொல்லும் பொருளும்

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு, பிறர் பொருளைப் பொறுப்பேற்று நடத்துபவனை ‘உக்கிராணக்காரன்’ என்று குறிக்கிறது. கோயிலிலும் மணவீட்டிலும் அரிசி, பருப்பு முதலிய பண்டங்களை வைக்கும் அறை உக்கிராணம் எனப்படும். அதன் சாவியை வைத்திருப்பவர்க்கு அங்குள்ள ஒரு படி அரிசியும் சொந்தமன்று. ஆயினும் வந்த அளவும் சென்ற அளவும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்து உவமையில், தலைவன் தன் உக்கிராணக்காரனிடம் கேட்பதும் கணக்கையே. ஆகவே, இச்சொல்லின் உயிர்நிலை தாராளத்தில் இல்லை. கணக்கு ஒப்புவித்தலில் உள்ளது. பொருளை ஈட்டிக் கொடுப்பவன் தன் வீட்டளவில் உக்கிராணக்காரன் எனின், பலர் கொடுத்ததைப் பெற்று வைக்கும் சபையும் அதே பெயருக்கு உரியதாகிறது.

மிசோரமின் பிடியரிசி

மிசோ மொழியில் ‘புஃபாய் தாம்’ எனப்படும் பிடியரிசி வழக்கம், மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையில் 1910ஆம் ஆண்டில் தொடங்கியது. உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவது இதன் முறை. கலத்தில் சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடுதோறும் சென்று திரட்டுவர். அது விற்கப்பட்டு, கிடைக்கும் பணம் திருப்பணிக்குச் சேரும். இவ்வாறு சேரும் தொகை இக்காலத்தில் ஆண்டுதோறும் பல கோடி ரூபாயாக வளர்ந்துள்ளது.

இவ்வழக்கம் வளம் மிக்க மண்ணில் தோன்றவில்லை என்பது நோக்கத்தக்கது. ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்கு ஒருமுறை மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழியும் மலைநாடு அது. காணிக்கை தொடங்கிய மறு ஆண்டிலேயே, 1911–12இல், அவ்வழிவு நேர்ந்தது. 1959இல் மீண்டும் நேர்ந்து கடும் பஞ்சத்தை விளைத்தது. அரிசியின் அருமையை அறிந்தவர்களே அரிசியைக் கொடுத்தனர்.

பணத்தைக் கையாளும் வாய்ப்பு ஆடவர்க்கே மிகுதியாக இருந்த காலத்தில், அரிசிக்கலம் பெண்ணின் ஆட்சியில் இருந்தது. எனவே இக்காணிக்கையின் வழியாகச் சமையற்கட்டில் நின்ற பெண் தன் கையாலேயே கொடுப்பவளானாள். கொடை என்பது உண்டு எஞ்சியதைத் தருவதன்று, உண்ணுமுன் பகுத்துவைப்பது என்னும் நெறியும் இதனால் நாள்தோறும் பழகப்பட்டது.

கையும் பானையும்

இங்கு ஓர் அறச்சிக்கல் எழுகிறது. எல்லாருடைய கையும் ஏறத்தாழ ஓரளவினது. பானைகள் அவ்வாறு அல்ல. பெரிய பானையில் ஒரு பிடி குறைவது தெரியாது. சிறிய பானையில் அது ஒரு குழந்தையின் கவளமாகலாம். பத்தில் ஒன்று தரும் தசமபாகத்திற்கும் இது பொருந்தும். எஞ்சும் ஒன்பது பங்கு ஒருவர்க்குச் செல்வமாகவும், மற்றொருவர்க்குப் போதாமையாகவும் இருக்கக்கூடும். அங்ஙனமாயின், வறியவரிடமிருந்து காணிக்கை பெறுவது முறையாகுமா?

இவ்வினாவிற்கு விடையாக, மாற்கு நற்செய்தியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணின் நிகழ்ச்சி வழக்கமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னரே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டித்தது இடம்பெறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கு அந்நிகழ்ச்சி கைம்பெண்ணின் புகழாக மட்டும் அமையாது. அவளுடைய காசைப் பெற்ற காணிக்கைப் பெட்டியை நோக்கிய வினாவாகவும் அமையும்.

எனினும், வறியவர் கொடுக்கவே வேண்டா என்று விலக்குவதும் நீதியாகாது. எப்போதும் பெறுபவராகவே ஒருவரை வைத்திருத்தல், அவர் நிமிர்ந்து நிற்கும் உரிமையைப் பறிப்பதாகும். 1903ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டதன் உட்பொருளும் இதுவே. அயல்நாட்டுப் பொருளுதவியில் வளர்ந்த சபைமக்கள் தம் பணத்தில், தம் ஆட்களை, தம் நிர்வாகத்தின்கீழ் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பினர். அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும், 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானவருமான வே. ச. அசரியா கிறித்தவக் கொடை குறித்துத் தனிநூலே எழுதினார். கொடுத்தல், கொடுப்பவரைத் தம் சபைக்கு உரிமையுடையவராக்குகிறது.

பெறுவோரின் கடமை

ஏழையின் கொடை அவரது உரிமை எனின், அதைப் பெறுவோர்க்குரிய கடமை யாது? விவிலியம் இதற்கு மூன்று வரையறைகளைத் தருகிறது.

முதலாவது, பயன். மல்கியா நூல் தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவரப் பணிக்கிறது. ஆலயத்தில் உணவு இருத்தலே அதற்குக் கூறப்படும் காரணம். உபாகமம் மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை லேவியர், அந்நியர், திக்கற்றோர், கைம்பெண்கள் ஆகியோர் உண்பதற்கு உரியதாக்குகிறது.

இரண்டாவது, சமன்மை. எருசலேமின் வறியோர்க்காகப் பொருள் திரட்டிய பவுல், ஒருவர் துன்புற மற்றவர் சுகிப்பது தம் நோக்கமன்று என்றும், அவரவர்க்கு உள்ளதன்படி கொடுப்பதே ஏற்புடையது என்றும் கொரிந்தியர்க்கு எழுதினார். சிறிய பானையின் சிக்கலுக்கு இதுவே நேரிய விடை.

மூன்றாவது, கணக்கு. அத்தொகையைப் பவுல் தாம் தனியே கையாளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன்வைத்துக்கொண்டார். கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் பழியின்றி இருத்தல் வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம்.

தென்தமிழகச் சபைகளின் அறுப்பின் பண்டிகைகளில் காணிக்கைப் பொருள்கள் ஏலம் விடப்படுவதுண்டு. ஒரு வாழைத்தார் பன்மடங்கு விலைக்குப் போகும்போது கூட்டம் மகிழ்கிறது. எடுத்தவர் பெயரும் ஒலிக்கிறது. பிடியரிசியோ கலத்தில் விழுந்தவுடன் தன் பெயரை இழந்துவிடுகிறது. எந்த மணி எந்த வீட்டினது என்று பிரித்தறிய இயலாது. பெயர் அறியப்பட்ட கொடையாளர் கணக்குக் கேட்கத் துணிவார். பெயரற்ற கொடையாளர்க்காகக் கணக்குக் கேட்பவர் யார்? கேட்பார் இல்லாவிடத்தும் கணக்குக் காட்டுவதே உக்கிராணக்காரனின் உண்மையாகும்.

முடிவுரை

வறியவரின் பசியைத் தீர்த்தலே பொருள்பெற்றவன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்பது ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் கொண்ட கருத்து. மல்கியாவின் பண்டசாலையும் உணவையே நோக்கமாகக் கொண்டது. வேறுபட்ட இவ்விரு மரபுகளும் சேமிப்பிடத்தின் மதிப்பை, அதிலிருந்து பசித்தவர்க்குச் செல்வதைக்கொண்டே அளக்கின்றன.

எனவே, திருச்சபையில் ‘கொடுங்கள்’ என்னும் அறிவுரை தனித்து நிற்க இயலாது. சிறிய பானைக்குரியவள் தன் பிடியைத் தர உரிமை உடையவள். அது சென்றவிடத்தை அறியவும், தன் பானை வெறுமையாகும் நாளில் அதே கலத்திலிருந்து பெறவும் உரிமை உடையவள். இவ்வுரிமைகள் மதிக்கப்படும் சபையில் காணிக்கை பகிர்வாகும். மதிக்கப்படாத சபையில் அது வரியாகும்.