மறக்கப்பட்ட மரித்தோர்

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சென்றால், பாறைக் குன்றொன்றின் மேல் ரஞ்சன்குடிக் கோட்டை தென்படும். அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் மூன்று மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், அவற்றை வளைத்துக் கிடக்கும் அகழி, உள்ளே இடிந்தும் இடியாமலும் நிற்கும் மாளிகைப் பகுதிகள். 17-ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் கட்டியது என்பர். இன்று அது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் விரைகின்றவர்களில் பெரும்பாலோர் சன்னல் வழியே ஒருமுறை நோக்குவதோடு சரி.

பாழடைந்த கோட்டைக்கும் பேய்க்கதைக்கும் உள்ள உறவு உலகெங்கும் ஒன்றே. குளிர்நாடாகிய ஸ்வீடனில் நீர் சூழ்ந்த பழங்கோட்டைகளைப் பற்றி அத்தகைய கதைகள் வழங்குகின்றன. லண்டன் கோபுரத்தில், 1536-இல் தலை வெட்டுண்ட ஆன் பொலின் அரசி இன்னும் உலவுகிறாள் என்கிறார்கள். ராஜஸ்தானத்துப் பான்கர் கோட்டையிலோ, கதிரவன் மறைந்தபின் உள்ளே நுழையலாகாது என்று தொல்லியல் துறையே பலகை நட்டிருக்கிறது. பாதுகாப்பு கருதி எழுதிய பலகை கதைக்குச் சாட்சியாகிவிட்டது!

ரஞ்சன்குடிக்கு நாம் சென்றது ஒரு மாலைப் பொழுதில். மதிலடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர், "பொழுது சாயுறதுக்குள்ள எறங்கிடுங்க ஐயா, எத்தனையோ பேரு செத்த எடம்" என்றார். எதையேனும் கண்டதுண்டா என வினவினோம். "பாத்ததில்லைங்க. ஆனா செத்தது நெசந்தானுங்களே?" என்றார்.

அந்த மறுவினா நம்மைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில் அவர் சொன்னது உண்மை.

1751-ஆம் ஆண்டு கர்நாடகத்தின் நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் பொருதுகொண்டிருந்தனர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்கு ஆங்கிலேயரும் துணை. திருச்சியை நோக்கி வந்த சந்தா சாகிபைத் தடுக்க, கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலப் படை இவ்வட்டாரத்துக்கு வந்தது. வரலாற்றாசிரியர்கள் வால்கொண்டாப் போர் என எழுதுவது இதனையே. கோட்டைத் தலைவர் யார் பக்கமும் சாயாமல் கதவை அடைத்துக்கொண்டு காலம் கடத்தினார். பொறுமை இழந்த ஆங்கிலேயர் கோட்டையை அடுத்திருந்த பேட்டையைத் தாக்கித் தீயிட்டனர். கற்கோட்டையை மட்டும் அவர்களால் பிடிக்க இயலவில்லை. சினந்த கோட்டைத் தலைவர் பிரெஞ்சுப் படையை உள்ளே அழைத்தார். அடுத்து நிகழ்ந்த மோதலில் ஆங்கிலச் சிப்பாய்களை இனம்புரியாத பேரச்சம் பற்றிக்கொண்டது; அணி குலைந்து ஓடினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற இராபர்ட் கிளைவ் அங்கே இளம் அதிகாரியாக நின்று, ஓடியவர்களைத் தடுக்க முயன்றும் பயனில்லை. முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வகாப் கான், தம் ஆட்கள் இன்னும் களத்தில் நிற்பதைச் சுட்டிக்காட்டி ஜிஞ்சனைக் கடிந்துகொண்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் அச்சம் பிடித்து ஓடியதாக நமக்கு ஏட்டுச் சான்றுள்ள ஓட்டம் அதுவே. அவர்களைத் துரத்தியது ஆவி அன்று. மனிதர் கையிலிருந்த வெடிமருந்து.

ஜிஞ்சனின் பெயர் ஏட்டில் இருக்கிறது. கிளைவின் பெயர் இருக்கிறது. தீப்பற்றிய பேட்டையில் யார் குடியிருந்தார்கள்? எத்தனை கூரைகள் எரிந்தன? அவர்கள் யாருடைய நவாபுக்காகவும் வாளெடுக்கவில்லை. கொன்றவர்களுக்கு வரலாறு இடம் தருகிறது; கொல்லப்பட்டவர்களுக்கு இடம் தருவது ஊர்ப் பேச்சு மட்டுமே. அந்த வகையில் பேய்க்கதையை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. எழுத்தறியா மக்கள் தங்களுக்கென வைத்துக்கொண்ட இறப்புப் பதிவேடு அது.

ஆயினும் அந்தப் பதிவேட்டில் ஒரு பெரும் அநீதியும் உண்டு. துன்புற்றவர்களை அது நினைவில் வைக்கிறது. ஆனால் தீங்கு செய்கிறவர்களாக மாற்றி வைக்கிறது. வெட்டியவன் சிலையாகிறான், வெட்டுண்டவன் பேயாகிறான்.

மறைநூல் மரித்தோரை இவ்வாறு நடத்துவதில்லை. ஏன்தோர் ஊரில் குறிசொல்லும் பெண்ணிடம் சென்று சவுல் சாமுவேலை எழுப்பினான் அல்லவா? வந்த சாமுவேல் உயிரோடிருக்கையில் கூறியதையே மீண்டும் கூறினார். அன்று செவிகொடாத அரசன் இன்று நடுங்குகிறான். இதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம். போரில் மடிந்த தம் வீரர்களை அடக்கம் செய்ய யூதா மக்கபே திரும்பி வந்தபோது, இறந்தவர் ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் யாம்னியா நகர்ச் சிலைகளின் சின்னங்கள் இருக்கக் கண்டார். நம் வழக்கில் சொன்னால் தாயத்து. சாவுக்கு அஞ்சி ஒளித்துக் கட்டியவை போலும். அவர்களைச் சபிக்கப்பட்டவர்கள் எனத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ ஆட்களிடம் தண்டி, ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளிக் காசுகளை எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். குற்றத்தோடு இறந்தவர்களையும் அவர் தம் ஆட்கள் என்றே எண்ணினார்.

"பழங்கோட்டையின் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? பேய் என்று யாரோ சொல்லிவிட்டுப் போகட்டுமே" என்று வாசகர் கேட்கலாம். கோட்டையோடு நின்றிருந்தால் நாமும் அவ்வாறே விட்டிருப்போம். அது நம் தெருவில் நடப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில், பருத்திக்கும் சோளத்துக்கும் தெளிக்கும் மருந்து வீட்டு மூலையில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மணமாகிச் சில ஆண்டுகளே ஆன பெண்ணொருத்தி அதைக் குடித்து இறந்துபோகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்று முதல் அந்த அறை பூட்டப்படும். அவள் தண்ணீர் எடுத்த கிணற்றுக்கு அந்தியில் ஒருவரும் போகமாட்டார்கள். அவள் பிள்ளைகளைச் சிறிது தள்ளியே வைப்பார்கள். அவள் ஏன் குடித்தாள், முந்தின இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது, கேட்டும் கேளாதிருந்த அண்டை வீட்டார் யார் என்ற கேள்விகள் அந்தப் பூட்டோடு முடிந்துவிடும். அச்சம் எவ்வளவு வசதியான பூட்டு!

பின்னர் ஒருநாள் வேறொரு பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று திருத்தலம் ஒன்றுக்கு அழைத்து வருகிறார்கள். நம் புனிதர்களின் கொடிமரத்தடியிலும் இக்காட்சியைக் காண்கிறோம். "நீ யார்? உன் பேர் என்ன?" என்று அதட்டிக் கேட்கிறார்கள். தலைவிரித்து ஆடுகிறவள் வாயிலிருந்து மருந்து குடித்து மாண்டவளின் பெயர் வருகிறது. மாண்டவளின் பெயரை ஊரார் வாய்விட்டுக் கேட்கும் இடம் அது ஒன்றுதான். அங்கேயும் விரட்டுவதற்காகவே கேட்கிறார்கள்.

திருச்சபையின் நடைமுறையும் இதில் வளர்ந்தே வந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்தே தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இன் தொகுப்பில் அத்தடை நீக்கப்பட்டது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் தெளிவாகவே கற்பிக்கிறது. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகள் கடந்தும் வேலியோரத்துக் கல்லறைகளைப் பற்றிய நம் பேச்சு மாறவில்லை. சிலுவையும் இன்றி, சுண்ணாம்பும் இன்றிக் கிடக்கும் மேடுகளைக் காட்டி, "அந்தப் பக்கம் போகாதே" என்றே இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ரஞ்சன்குடியில் மாண்டவர்களுள் இந்து யார், இசுலாமியர் யார், கிறிஸ்தவர் யார் எனப் பிரித்தறிய இனி வழியில்லை. இறைவன் மட்டுமே அறிந்த நம்பிக்கையோடு இறந்த அனைவரையும் நம் நற்கருணை மன்றாட்டுகளுள் ஒன்று நினைவுகூர்கிறது. ஆகவே பெயரறியாத அவர்களுக்காக மன்றாடுவது நமக்குக் கடினமன்று. பெயர் தெரிந்தவளுக்காக மன்றாடுவதுதான் கடினமாயிருக்கிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முன்னரே பல பங்குகளில் தாள் கொடுத்து, மரித்தோரின் பெயர்களை எழுதித் தரச் சொல்கிறார்கள், திருப்பலியில் வாசிக்கிறார்கள். பாட்டன் பாட்டியர், அண்மையில் மறைந்த தந்தை, வெளிநாட்டில் விபத்தில் இறந்த தம்பி எனப் பட்டியல் நீளும். மருந்து குடித்தவளின் பெயரைப் புகுந்த வீட்டார் எழுதுவதில்லை. பிறந்த வீட்டார் இருப்பது வேறு ஊரில். மானத்துக்கு அஞ்சி அவர்களும் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுதலாம். அந்தத் தாளில் பெயர் எழுதத்தான் கோடு போட்டிருக்கிறது. இறந்தவருக்கு நாம் என்ன உறவு என்று கேட்கும் இடம் அதில் இல்லை.