கண்டதும் காணாததும்

ஆய்வுகூடத்தில் ஒளி நுணுக்குக்காட்டியின்முன் அமர்ந்த மாணவன் ஒருவன், குளத்து நீர்த்துளியிலே தான் கண்டதை வரைவதற்குப் பதிலாகப் பாடநூலிலுள்ள பரமீசியத்தின் படத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறான். படத்திற் பிழையில்லை, பரமீசியம் அவ்வாறே இருக்கும். ஆயின் அவன் செய்தது முறையாகுமா? சிறிதெனத் தோன்றும் இவ்வினா அறிவொழுக்கத்தின் அடிப்படையையே தொடுவதாகும்.

ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லையினூடாக மிளகு ஊறிய நீரிலும் பிற நீர்களிலும் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றி 1676இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். கற்றோர் பலர் ஐயுற்றனர். அவரோ, தம் கண்ணால் கண்ட ஊரவர் சிலரின் சாட்சியங்களை அனுப்பினாரேயன்றித் தமது சிறந்த முறைகளை வெளியிட்டாரல்லர். 1677இல் றொபேட் ஹூக் அச்சோதனையை மீளச் செய்து, சங்கத்தினர் நேரிற் காணுமாறு காட்டினார். மறுஆண்டிலே தம் செய்முறையை நூலாகவும் வெளியிட்டார். ஒருவர் கண்டது அன்றே யாவர்க்கும் உரிய அறிவாயிற்று. காட்சியின் உண்மை வேறு, அதனைப் பிறர் சோதிக்க வழிவிடும் கடமை வேறு என்பது இதனாற் புலனாகும்.

இனி, காணாதது பற்றியும் நோக்குதல் வேண்டும். ஒளியின் அலைநீளம் காரணமாக, வழமையான ஒளி நுணுக்குக்காட்டியிற் சுமார் 0.2 மைக்குரோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியிலுள்ள இரு புள்ளிகள் வேறுவேறாகத் தெரியா. உருப்பெருக்கத்தை எவ்வளவு கூட்டினும் மங்கலே பெருகும். ஆகவே "காணவில்லை" என்பது "இல்லை" என்பதாகாது. மலேரியாவுக்காகக் குருதிப் பூச்சைச் சோதிப்பவர் இவ்வேறுபாட்டை மறந்தால் ஒரு நோயாளியின் உயிருக்கே ஊறு நேரலாம். 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோயாற் பேரழிவுற்ற இலங்கை, 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. பார்த்ததைப் பார்த்தவாறே எழுதிய எண்ணற்ற பெயரறியாக் கண்களுக்கும் அதிற் பங்குண்டு.

அம்மாணவனிடம் மீள்வோம். அவன் வரைந்தது பொய்யான பரமீசியமன்று. அவன் அளித்ததே பொய்ச்சாட்சி. மங்கலாகத் தெரிந்ததை மங்கலாகவே வரைந்து, "இதற்குமேல் தெரியவில்லை" என்று கீழே எழுதியிருப்பானாயின், படம் அழகு குன்றியிருக்கும்; ஆனால் அடுத்துப் பார்ப்பவன் அதனை நம்பித் தொடங்கியிருப்பான்.