உயிரின் இயல்பு நன்றோ? தீதோ?



மனிதன் இயல்பிலேயே நல்லவனா, இயல்பிலேயே தீயவனா என்னும் வினா மிகப் பழமையானது. நாள்தோறும் நாம் காணும் நிகழ்ச்சிகள் இவ்வினாவை நம் இல்லங்களுக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கின்றன. முன்பின் அறியாத ஒருவர்க்குக் குருதி கொடுத்து உயிர் காப்பவரையும் காண்கிறோம். ஒரு முழ நிலத்திற்காக உடன்பிறந்தானை வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றவரையும் காண்கிறோம். இருவரும் மனிதரே. இவருள் யாரை அளவுகோலாகக் கொண்டு மனித இயல்பை அளப்பது?

இவ்வினாவிற்கு நாம் உள்ளத்தில் என்ன விடை வைத்திருக்கிறோமோ, அதற்கேற்பவே நம் பிள்ளைகளைத் திருத்துகிறோம். தவறியவரை ஏற்கிறோம் அல்லது ஒதுக்குகிறோம். நம் குற்றத்திற்கு வருந்துகிறோம் அல்லது சாக்குச் சொல்கிறோம். ஆதலின் ஜினாகமம் இதற்குத் தரும் விடையைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போமாக.

சீன நாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்னும் அறிஞர், மனித இயல்பு நல்லதே என்றார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் நெஞ்சமும் பதறும். புகழை நாடியோ பழிக்கு அஞ்சியோ அப்பதற்றம் எழுவதில்லை என்பது அவர் காட்டிய சான்று. அடுத்த நூற்றாண்டில் சூன்சி என்னும் அறிஞர் இதனை மறுத்தார். மனிதன் பிறவியிலேயே தன்னலம் உடையவன். வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல, ஆசிரியரும் ஒழுக்க விதிகளுமே அவனை நல்லவனாக்குகின்றன என்றார். இரண்டிற்கும் உலகில் சான்றுகள் உண்டு. அதனாற்றான் வழக்கு இன்னும் முடியவில்லை.

இக்காலத்து விஞ்ஞானிகள் கைக்குழந்தைகளிடமே விடை தேடினர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்கும் பத்து மாதக் குழந்தைகளுக்கும் ஒரு சிறு காட்சி காட்டப்பட்டது. மேடேற முயலும் ஒரு பொம்மையை ஒரு பொம்மை மேலே தள்ளி உதவும். மற்றொன்று கீழே தள்ளித் தடுக்கும். பின்னர் இரண்டையும் முன்னே வைத்தபோது பெரும்பாலான குழந்தைகள் உதவிய பொம்மையையே நாடின. பிறவியிலேயே நன்மையை நாடும் மனம் உண்டு என்று பலரும் மகிழ்ந்தனர். ஆயினும் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதனை மீண்டும் சோதித்து, 2024ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டபோது, குழந்தைகள் ஏறத்தாழச் சரிபாதியாகவே இரண்டையும் நாடியது தெரிந்தது. வழக்கு தொடங்கிய இடத்திற்கே திரும்பியது.

நம் ஆசாரியர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள். குழந்தையைத் தொடக்கமாகக் கொள்வதிலேயே பிழை இருக்கிறது என்பார்கள். தொட்டிலில் கிடக்கும் உயிர் இன்று தோன்றியதன்று. எண்ணில் பிறவிகளைக் கடந்து, அவற்றின் வினைச்சுமையோடு வந்திருக்கும் பழைய வழிப்போக்கன். அதன் முதல் செயலைக் கண்டு அதன் இயல்பை அறிய இயலாது. எனவே, இயல்பு என்னும் சொல்லின் பொருளை முதலில் தெளிய வேண்டும்.

பிற பொருளின் சேர்க்கையால் வாராததும், எந்நிலையிலும் நீங்காததும் எதுவோ, அதுவே இயல்பு. சுபாவம் என்பது அதுவே. பிறவற்றின் சேர்க்கையால் வந்து, அச்சேர்க்கை நீங்கின் நீங்குவது விபாவம். அடுப்பில் வைத்த நீர் கொதிக்கிறது. வெப்பம் நெருப்பினால் வந்தது. கலத்தை இறக்கி வைத்தால், எவரும் குளிர்ச்சியைக் கொண்டுவந்து சேர்க்காமலே நீர் ஆறிவிடுகிறது. இவ்வளவையே உயிர்க்கும் பொருத்திப் பாருங்கள். எத்துணைக் கொடிய சினத்தனும் இடைவிடாது சினந்துகொண்டே இருப்பதில்லை. சினம் ஒரு நிமித்தம் பற்றி எழுகிறது, தணிகிறது. ஆனால் சினக்கும்போதும், தணியும்போதும், உறங்கும்போதும் அறியும் ஆற்றல் உயிரை விட்டு அகல்வதேயில்லை. ஓரறிவு உயிரிடத்தும் அது ஒரு சிறிதேனும் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அறிதலும் காண்டலுமே உயிரின் இலக்கணம். சினமும் செருக்கும் மாயமும் உலோபமும் மோகனீய வினையின் சேர்க்கையால் வந்தவை. பொன்னூர் மலையில் தவமியற்றியதாக நம் மரபு போற்றும் குந்தகுந்தாசாரியர், சமயசாரத்தில் மீண்டும் மீண்டும் அறிவுறுத்துவதும் இவ்வேறுபாட்டையே ஆகும்.

“தூய உயிரில் மாசு எப்போது படிந்தது?” என்று சிலர் வினவலாம். தூயதாய் இருந்து பின் மாசுற்றது என்று ஜினாகமம் கூறவில்லை. சுரங்கத்தில் பொன்னும் கல்லும் கலந்தே கிடக்கின்றன. முதலில் தனிப் பொன்னாய் இருந்து பிறகு கல்லோடு சேர்ந்ததன்று. ஆயினும் உருக்கிப் பிரித்தால் பொன் வேறு, கல் வேறு ஆகிறது. அவ்வாறே உயிரும் வினையும் அநாதியாகக் கலந்திருந்தும் பிரிக்கத்தக்கவை. எனவே நாம் இழந்ததொரு பழம்பெருமைக்காக ஏங்க வேண்டியதில்லை. இனி அடைய வேண்டியதற்காக உழைக்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். உயிரின் இயல்பு தூயது என்று கேட்ட அளவில், “அப்படியாயின் யான் தூயவனே, சினம் என்னுடையதன்று” என்று தப்பிக்க முயல்வாரும் உண்டு. இயல்பில் நீர் குளிர்ந்தது என்பது மெய்யே. ஆயினும் கொதிக்கும் உலைநீரில் கைவைத்தால் கை வெந்து போகும். நிச்சய நயத்தால் உயிர் தூயது, வியவகார நயத்தால் இன்று அது வினையால் கட்டுண்டு, பிறரைச் சுடுகின்றது, தானும் சுடப்படுகின்றது. இவ்விரு நயங்களுள் ஒன்றை மட்டும் பற்றுவோர் வழுக்கி விழுவர். முதலாவதை மட்டும் பற்றியவர் முயற்சியைக் கைவிடுவர்; இரண்டாவதை மட்டும் பற்றியவர் நம்பிக்கையைக் கைவிடுவர்.

வர்த்தமான சுவாமியின் முற்பிறப்பு வரலாற்றை ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர். அவ்வுயிர் ஒரு பிறப்பில் மரீசி என்னும் பெயருடன், பரத சக்கரவர்த்தியின் மகனாய், ஆதிபகவானின் பேரனாய்ப் பிறந்தது. அதனினும் சிறந்த குலம் வேறு எது? ஆயினும் பகவானோடு துறவு பூண்ட மரீசி, பரீஷகங்களைப் பொறாது நெறி வழுவிப் பொய்ந்நெறியைப் பரப்பினான். பின்னர் எத்தனையோ பிறப்புகளும், நரக வேதனைகளும் கடந்து அவ்வுயிர் ஒரு சிங்கமாயிற்று. மானைக் கொன்று தின்றுகொண்டிருந்த அச்சிங்கத்தின் முன்னர்ச் சாரண முனிவர் இருவர் வானினின்று இறங்கி அறம் உரைத்தனர். கேட்ட சிங்கம் கண்ணீர் சொரிந்தது, ஊன் துறந்தது, விரதம் ஏற்று உடல் நீத்துத் தேவனாயிற்று. அங்கிருந்து ஏறிய ஏற்றமே 24ஆம் தீர்த்தங்கரர் என்னும் நிலையில் நிறைவுற்றது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. குருதி தோய்ந்த வாயோடு நின்ற சிங்கத்திற்கும் அறம் எட்டாததாய் இல்லை என்பது ஒன்று. தீர்த்தங்கரரின் பேரனாய்ப் பிறந்தும் வழுவ முடியும் என்பது மற்றொன்று. சைனக் குடியில் பிறந்தோம், இரவில் உண்ணோம், ஊன் தீண்டோம் என்ற அளவில் நாம் நல்லவர்களாகிவிட்டதாக எண்ணி அமைதி கொள்வதற்கு இவ்வரலாறு இடந்தரவில்லை.

“எவ்வுயிரும் உய்யும் என்றால், வீடுபேறு எய்தாத அபவ்விய உயிர்களும் உள என்று ஆகமம் கூறுவதேன்?” என்று கற்றறிந்தோர் வினவுவர். உண்மையே, எவ்வளவு கொதித்தாலும் வேகாத பயறு சில உண்டு என்பது அதற்குச் சொல்லப்படும் உவமை. அத்தகைய உயிர்க்கும் அறிவே இலக்கணம். மேலும், குவியலில் கிடக்கும்போது வேகாப் பயறு எது என்று எவரால் சொல்ல முடியும்? சமைப்பவர் அனைத்தையும் உலையில் இடுகின்றார். எவ்வுயிர் அபவ்வியம் என்பதைக் கேவலஞானியே அறிவார். அவ்வறிவு நமக்கு இல்லாதபோது, “இவன் திருந்தவே மாட்டான்” என்று ஒருவன்மீது முத்திரை குத்தும் உரிமையும் நமக்கு இல்லை.

ஆனால் அம்முத்திரையை நாம் எளிதாகக் குத்துகிறோம். அடம் பிடிக்கும் மகனைப் பார்த்து, “இது பிறவிக் குணம், போகாது” என்கிறோம். முரண்படும் மருமகளைப் பார்த்து, “அவள் பிறந்த வீட்டுப் புத்தி” என்கிறோம். நம் சினத்தைப் பற்றி வினவினால் மட்டும், “என் சுபாவமே அப்படி” என்று பெருமையோடு விடை சொல்கிறோம். விபாவத்தைச் சுபாவம் என்று பிறழ உணர்வதே மித்தியாத்துவத்தின் வேர் என்பதை இவ்வேளைகளில் மறந்துவிடுகிறோம். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்னும் பழமொழியும் பழக்கத்தைத்தான் சொல்கிறது; இயல்பைச் சொல்லவில்லை. பழகி வந்தது பழகியே போகவும் கூடும்.

எவ்வாறு பழகுவது? அதற்கும் நம் ஆசாரியர்கள் அளவை வகுத்துள்ளனர். நேமிசந்திர ஆசாரியரின் கோம்மடசாரம் சினத்தை நால்வகையாகப் பகுத்து, கல்லில் கீறிய கோடு, நிலத்தில் பிளந்த கோடு, மணலில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு என உவமிக்கிறது. அதன் வாசனை நெஞ்சில் தங்கும் காலத்தையும் அந்நூல் கூறுகிறது. ஆறு மாதத்தையும் கடந்து பிறவிதோறும் தொடரும் பகை அனந்தானுபந்தி. அது உள்ளவரை நற்காட்சியே தோன்றாது. ஆறு மாதத்திற்குள் அடங்குவது விரதத்தைத் தடுக்கும். பதினைந்து நாளுக்குள் அடங்குவது துறவைத் தடுக்கும். 48 நிமிடமாகிய ஒரு முகூர்த்தத்திற்குள் மறைவது முனிவரிடத்தும் எஞ்சியிருக்கும் மெல்லிய சினம். ஆக, நாம் நல்லவரா தீயவரா என்று பிறரைக் கேட்க வேண்டுவதில்லை. யாரோடு பேசாமல் எத்தனை மாதம் ஆயிற்று என்று நம்மையே கேட்டால் போதும்.

பொருளின் இயல்பே அறம் என வரையறுத்த நம் முன்னோர், பத்து அறங்களுள் உத்தம க்ஷமையை முதலில் வைத்தனர். பொறுத்தல் உயிரின் இயல்பு என்பதே அதன் உட்கிடை. பொறுமையை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பகை என்னும் அடுப்பினின்று நெஞ்சை இறக்கி வைத்தால் போதும். ஆண்டுதோறும் பத்து நாள் நோன்பு நோற்று, இறுதியில் அறிமுகம் இல்லாதவரிடமெல்லாம் பிழை பொறுக்க வேண்டுகிறோம். ஒரே ஜினாலயத்தில் வணங்கிவிட்டு, வெவ்வேறு வாயில் வழியே வெளியேறும் உடன்பிறந்தாரிடம் வேண்டுகிறோமா? பிழை எவருடையது என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிராமல், ஆறு மாத எல்லை கடக்குமுன் அவர் இல்லத்திற்குச் செல்வோம். அவர் கதவு திறவாமல் போயினும் நம் நெஞ்சில் உள்ள கற்கோடு மணற்கோடாகும்.

மனிதன் இன்று நல்லவனாகவும் தீயவனாகவும் இருக்கிறான். அவனுள் இருக்கும் உயிரோ இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட தூய்மை உடையது. நல்வினை பொன்விலங்கு, தீவினை இரும்புவிலங்கு என்று ஆசாரியர்கள் சொன்னதன் கருத்தும் இதுவே. முதலில் இரும்பைக் களைவோம். பொன்னும் ஒருநாள் கழலும். அதுவரை, எதிரே நிற்பவர் எத்தன்மையராயினும் அவருள்ளும் ஓர் அருகன் மறைந்துள்ளார் என்னும் எண்ணத்தோடு வணங்கிப் பழகுவோமாக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜிநதருமம் ஓங்குக!