மூளையிலும் ஒரு வேலைப் பிரிவினையா?

கணக்கிலே வல்ல பிள்ளையை ‘இடமூளைக்காரன்’ என்றும், சித்திரம் வரைபவனை ‘வலமூளைக்காரன்’ என்றும் அழைப்பது இன்று படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. மூளையின் இடப்பாதி தருக்கத்துக்கும் எண்ணுக்கும் உரியது. வலப்பாதி கற்பனைக்கும் கலைக்கும் உணர்ச்சிக்கும் உரியது. ஒவ்வொரு மனிதனும் இவற்றுள் ஒன்றின் ஆட்சிக்குட்பட்டே பிறக்கிறான் என்பது இக்கொள்கையின் சாரம். இதனை முதலாக வைத்துப் பயிற்சி வகுப்பு நடத்திப் பணம் பண்ணுவோர் உளர். விஞ்ஞானமென நம்பிப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் ஆசிரியர்களும் உளர். முன்னவர்களோடு நமக்குப் பேச்சில்லை. பின்னவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

கொள்கையின் அடியில் உண்மை இல்லாமலில்லை. 1861ஆம் ஆண்டில், பாரிஸ் நகரை அடுத்த பிசெத்ர் வைத்தியசாலையிலிருந்த நோயாளி ஒருவர் காலமானார். பிறர் பேச்சை அவர் விளங்கிக்கொள்வார். தாம் பேச முயன்றாலோ, ‘தான்’ என்ற ஓர் ஓசையே பெரும்பாலும் வெளிவரும். போல் புரோக்கா என்ற வைத்தியர் அவரது மூளையை ஆராய்ந்தபோது இடப்பாதியின் முன்புறம் சிதைந்திருக்கக் கண்டார். மேலும் பலரை ஆராய்ந்தபின், நாம் இடப்பாதி கொண்டே பேசுகிறோம் என்று 1865இல் எழுதினார். அம்முடிவு பெரிதும் நிலைத்துவிட்டது. வலக்கைப் பழக்கமுடையோரில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோருக்கும், இடக்கைப் பழக்கமுடையோரிலேகூடப் பெரும்பாலோருக்கும், மொழிக்குத் தலைமை தாங்குவது இடப்பாதியே.

ஆனால் இதே புரோக்கா மண்டையோடுகளை அளந்தவருமாவார். ஆணின் மூளை பெண்ணின் மூளையினும், ஐரோப்பியனின் மூளை ஏனையோர் மூளையினும் உயர்ந்தது என அவர் வாதித்தார். அக்காலத்துப் படித்தோர் பலர் இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டனர். பேசும் பாதி பகுத்தறிவின் பாதியாயிற்று. ஆணுக்கும் வெள்ளையனுக்கும் ‘நாகரிக’த்துக்கும் உரியதாயிற்று. பேசாத பாதி பெண்ணுக்கும் பித்தருக்கும் ‘காட்டுமிராண்டி’க்கும் விடப்பட்டது. சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வை உடலின்மேல் எழுதிவைப்பது ஐரோப்பியர் மட்டுமே கண்ட வித்தையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். முகத்திலும் பாதத்திலும் வருணங்களைப் பிறப்பித்தவர்களும், சாதிகளை வலங்கை இடங்கையென வகுத்தவர்களும் நமது பக்கத்திலேயே இருந்தார்கள்.

நூறாண்டு கழிந்தது. இரு பாதிகளையும் இணைப்பது ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட ஒரு பாலம். கடுமையான வலிப்பு நோயைத் தணிப்பதற்காகச் சிலருக்குச் சத்திர சிகிச்சையால் அதனை வெட்டினர். அத்தகையோரை 1960களில் அமெரிக்காவிலே ரோஜர் ஸ்பெரியும் அவரது மாணவர் மைக்கல் கசானிகாவும் ஆராய்ந்தனர். ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகைகளும் வியாபாரிகளும் அவ்வாராய்ச்சியை எடுத்துக்கொண்டு, இம்முறை வலப்பாதியைப் போற்றலாயினர். இயந்திர வாழ்வில் அலுத்துப்போன மேனாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு அது ஞானியாயிற்று. ஆசனங்கள் இடம் மாறின. பிரிவினை அப்படியே இருந்தது.

அவ்வாராய்ச்சிகளுள் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. 1970களில் கசானிகாவும் அவருடைய மாணவர் ஜோசப் லெடூவும் பாலம் வெட்டப்பட்ட இளைஞர் ஒருவருக்குப் படங்கள் காட்டினர். இடப்பாதி மட்டும் காணும்படி ஒரு கோழிக்காலையும், வலப்பாதி மட்டும் காணும்படி பனி மூடிய ஒரு காட்சியையும் காட்டினர். பிறகு, பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது, வலக்கை கோழியைத் தொட்டது. இடக்கை பனியள்ளும் சவளைத் தொட்டது. இரண்டும் சரியே. சவள் எதற்கு என்று கேட்டார்கள். விடை சொல்லும் இடப்பாதியோ பனியைக் கண்டதேயில்லை. அது தயங்கவுமில்லை. கோழிக்கூட்டைத் துப்புரவு செய்யச் சவள் வேண்டுமே என்றார் அந்த இளைஞர்.

கண்ட பாதிக்கு நாவில்லை. நாவுடைய பாதி காணவில்லை. இதனை உவமையாக்கி, ஆளும் வர்க்கத்தின் பேச்சாளர் இவரேயென்று எழுதிவிடுவது எளிது. அது சமுதாயத்தை மூளையில் வரையும் பழைய வழக்கத்துக்கே நம்மை இட்டுச்செல்லும். அதனினும் கடினமான கேள்வி இங்கே இருக்கிறது. அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. தாம் சொன்ன காரணத்தை மனமார நம்பினார். அப்படியாயின், ‘நான் இன்ன காரணத்தால் இதைச் செய்தேன்’ என்று நாம் ஒவ்வொருவரும் மனச்சாட்சியோடு சொல்வதற்கு என்ன மதிப்பு? மனிதனுக்குப் பொறுப்பே இல்லையெனச் சிலர் முடிவு கட்டுகின்றனர். அது அவசர முடிவு. அந்த அறையில் உண்மையை அறிந்தவர்கள் இருந்தனர். இரு படங்களையும் கண்ட ஆராய்ச்சியாளர்களே அவர்கள். உள்ளே தேடி எடுக்க முடியாத காரணத்தை வெளியே நின்ற மற்றொருவர் காட்டக்கூடியதாயிருந்தது. அகத்தூய்மை உண்மைக்குப் பிணையாகாது என்பதும், தன்னை அறிவதற்கும் மனிதனுக்குப் பிற மனிதர் வேண்டும் என்பதுமே இதிலிருந்து கொள்ளத்தக்கன. பொறுப்பு என்பது காரணம் கூறுவதோடு முடிவதன்று. கூறிய காரணத்தைப் பிறர் கேள்விக்கு உட்படுத்துவதும் அதன் பகுதியாகும்.

‘இடமூளை மனிதர்’, ‘வலமூளை மனிதர்’ என்போரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, சில தொழில்கள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது மெய். ஒரு மனிதனின் மூளை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதற்குச் சான்றில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தை உணர்தல், முகங்களை இனங்காணல், வெளியைக் கவனித்தல் ஆகியவற்றில் வலப்பாதிக்குப் பங்கு அதிகம். அது பழுதுற்றவர்களுட் சிலர் தட்டின் இடப்புறத்துச் சோற்றை உண்ணாமலே எழுந்துவிடுகின்றனர். கணக்குக்கும் சித்திரத்துக்கும் இரு பாதிகளும் வேண்டும். நோயின் காரணமாகச் சிறு வயதிலேயே இடப்பாதியை அகற்ற நேர்ந்த பிள்ளைகளிற் பலர் வலப்பாதி கொண்டே பேசக் கற்றிருக்கின்றனர்.

ஆசிரியர்களுக்கு இன்னுமொரு செய்தி. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன; அதற்கென மூளையிலே இயற்கை ஓரிடம் ஒதுக்கியிருக்க முடியாது. எனினும் வாசிப்போர் மூளையின் இடப்பாதியிலே, பின்புறத்துக் கீழ்ப்பகுதியில், எழுத்தை இனங்காணும் ஓரிடம் உருவாகியிருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் அவரது குழுவினரும் பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் 63 பேரை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். எழுத்தறியாதோர், பிள்ளைப் பருவத்திற் படித்தோர், பள்ளிக்கூடம் காணாது வளர்ந்து பெரியவர்களான பின் எழுத்துக் கற்றோர் என மூவகையினரும் அவர்களுள் இருந்தனர். எழுத்தறிந்தோரிடத்தில் அப்பகுதி எழுத்துக்கு விழித்தெழுந்தது. வளர்ந்தபின் கற்றவர்களின் மூளையிலும் அது விழித்தெழுந்தது.