சப்பாத்தியை யார் சுடுவது?

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 95-வது அதிகாரம். வைத்தியக் குறிப்பு ஏதாவது கிடைக்கும் என்று புரட்டினால் ஏமாற்றம்தான். ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பத்துக் குறளில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. முன்னால் சாப்பிட்டது செரித்ததா, நன்றாகப் பசித்ததா, அளவோடு நிறுத்தினாயா... நம்ம வீட்டுப் பாட்டி கேட்கிற அதே கேள்விகள். கடைசிக் குறளில் ஒரு கணக்குச் சொல்கிறார் வள்ளுவர். வைத்தியம் என்பது நான்கு சேர்ந்தது. நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் பக்கத்தில் இருந்து கவனிக்கிறவர்.

இன்றைய ஆஸ்பத்திரியில் அந்த நாலாவது இடத்தில் பல பேர் நிற்கிறார்கள். அவர்களில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒருவர் உண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு, கையில் ஒரு ஃபைலோடு வந்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு, ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போவாரே... அந்த டயட்டீஷியன்!

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 18 வருடம் டயட்டீஷியனாக இருந்தவர். சர்க்கரை வார்டு, கிட்னி வார்டு, ஐ.சி.யூ. என்று எல்லாம் பார்த்தவர். நடுவிலேயே பிஎச்.டி. முடித்தார். ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த இடம் கிடைத்தது. கிளம்பத் தயாரானார்.

சுற்றி இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை லீவு, மே மாசம் லீவு, வேற என்ன வேணும்?" என்றது ஒரு கட்சி. "இத்தனை வருஷம் நோயாளிகளோட இருந்துட்டு, இப்ப அவங்களை விட்டுட்டுப் போறீங்களே மேடம்" என்றது இன்னொரு கட்சி.

முதல் கட்சியை அவர் சட்டை செய்யவில்லை. இரண்டாவது கட்சியின் பேச்சுதான் முள்ளாகக் குத்தியது. "நான் செய்யறது சரிதானா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

இது அவருடைய கேள்வி மட்டும் இல்லை. வைத்தியம் பார்ப்பதை விட்டு வைத்தியம் சொல்லிக் கொடுக்கப் போகிற எல்லோருக்குமான கேள்வி. கண் முன்னால் இருக்கிற ஒருவரை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பேருக்காகப் போவது நியாயமா?

முதலில் சுலபமான பதிலைப் பார்த்துவிடலாம். கணக்கு.

ஒரு டயட்டீஷியன் நாளைக்கு 20 நோயாளிகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 300 நாள். 6,000 பேர். அதே ஆள் வகுப்புக்குப் போய், வருடம் 30 மாணவிகள் வீதம் 15 வருடம் பாடம் நடத்தினால் 450 பேர். பாதிப் பேர் கல்யாணம், வேறு வேலை என்று போனாலும், மிச்சம் 225 பேர் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஆளுக்கு 6,000 என்றால் வருடத்துக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் நோயாளிகள். எங்கே 6,000, எங்கே பதின்மூன்றரை லட்சம்!

கணக்கு சரி. ஆனால், இந்தக் கணக்கை 12-ம் நம்பர் பெட்டில் படுத்திருக்கிறவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். "ஐயா, உங்களுக்கு நான் நாளைக்கு வர மாட்டேன். ஆனா, பதின்மூன்றரை லட்சம் பேருக்கு நல்லது நடக்கப் போகுது." அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு அவர் வயிறுதான் கணக்கு. அதில் தப்பும் இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டால் யாருக்கும் ஆறுதல் சொல்ல முடியாது.

"விட்டுட்டுப் போறீங்களே" என்கிற குற்றச்சாட்டும் முழுக்கச் சரி இல்லை. ஆஸ்பத்திரி அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்காது. இன்னொருவர் வருவார். கொஞ்ச நாள் தடுமாறுவார், பிறகு பழகிவிடுவார். நோயாளி பட்டினி கிடக்கப் போவதில்லை. அப்படியானால் இந்த மாற்றத்தில் உண்மையிலேயே எதையாவது இழக்கிறோமா? இழக்கிறோம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால், இழப்பது நோயாளி இல்லை. போகிறவர்தான்.

அவர் சொன்ன இரண்டு சம்பவங்களிலிருந்துதான் எனக்கு இது பிடிபட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சர்க்கரை நோயோடு வந்த ஒரு பாட்டிக்குப் படித்ததையெல்லாம் ஒப்பித்திருக்கிறார். "ராத்திரி சோறு வேண்டாம் பாட்டி. ரெண்டு சப்பாத்தி, காய்கறிக் கூட்டு." பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாயி, சப்பாத்திய யாரு சுடுவா? மருமக மில்லு வேலைக்குப் போயிட்டு ராத்திரி ஒம்போது மணிக்கு வாரா. அவ வந்து எனக்குன்னு தனியா மாவு பெசையணுமா?" என்றாராம்.

எம்.எஸ்ஸி. பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து, மத்தியானம் வடித்த சோற்றிலேயே அளவைக் குறைத்து, காயைக் கூட்டி, ராத்திரி ஏழரைக்குள் சாப்பிடுகிற மாதிரி ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். புத்தகத்தில் இருந்த சப்பாத்தியைவிட, நடக்கக்கூடிய அந்தச் சோறு மேல்.

இரண்டாவது, இளநீர். நம்ம ஊரில் நோயாளியைப் பார்க்க வெறும் கையோடு போகிற பழக்கம் கிடையாது. சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், இல்லாவிட்டால் வாசலில் சீவி வாங்கிய ரெண்டு இளநீர். மற்றவர்களுக்கு அது அமிர்தம். சிறுநீரகம் கெட்டுப்போன நோயாளிக்கு ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் உபரியை வெளியேற்றிவிடும். கெட்டுப்போனது வெளியேற்றாது. ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், உயிரே போகலாம்.

"இளநீர் குடிக்காதீங்க" என்று நோயாளியிடம் படித்துப் படித்துச் சொல்லியும் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறியே வந்தது. கடைசியில் ஒரு நோயாளிதான் கண்ணைத் திறந்தார். "மச்சான் வெயில்ல அலைஞ்சு வாங்கிட்டு வந்து நீட்டுறாரும்மா. வேண்டாம்னா மனசு சங்கடப்படுவாரு. எங்கிட்டச் சொல்லி என்ன? அவருகிட்டச் சொல்லுங்க!" அதற்குப் பிறகு அவர் நோயாளியை விட்டுவிட்டு, பார்க்க வருகிறவர்களைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். "இவங்களுக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரணும்னா என்னைக் கேட்டுட்டு வாங்கிட்டு வாங்க" என்று. பலன் இருந்தது.

இரண்டு இடத்திலும் என்ன நடந்தது? படித்த ஒருவருக்குப் படிக்காத ஒருவர், 'நீங்க சொல்றது நடக்காது' என்று சொன்னார். வார்டில் தினமும் யாராவது ஒருவர் இப்படி முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் சொல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சொல்லிவிடும்.

வகுப்பறையில்? "சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் மிகுந்த உணவுகளைத் தவிர்க்க வேண்டும்" என்று எழுதினால் ஐந்துக்கு ஐந்து. மச்சான் வெயிலில் அலைந்த கதைக்கு மார்க் கிடையாது. வார்டில் நோயாளி நமக்கு மார்க் போடுகிறார். வகுப்பில் நாம் மார்க் போடுகிறோம். பத்து வருடம் மார்க் போட்டுப் பழகிய கைக்கு, தான் சொல்வதெல்லாம் சரி என்ற நினைப்பு வந்துவிடும். அது யாருடைய குணக்கேடும் இல்லை. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

சிசிலி வில்லியம்ஸ் என்று ஒரு குழந்தை மருத்துவர். ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1929-ல் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, வேலைக்குப் போனார். அங்கே ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிச் செத்துக்கொண்டிருந்தன. 1933-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிபுணர் ஒருவர், 'இது புது நோயே இல்லை, பெலக்ரா என்கிற பழைய வைட்டமின் குறைபாடுதான்' என்று எழுதினார். அந்தக் குழந்தைகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் சிசிலி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் அந்த ஊர்த் தாய்மார்களிடம், நீங்கள் இந்த நோயை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். 'குவாஷியோர்கர்' என்றார்கள். அவர்களுடைய கா மொழியில், அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வருகிற நோய் என்று அர்த்தம். தாய்ப்பால் நின்று, வெறும் மக்காச்சோளக் கஞ்சியோடு வளர்கிற குழந்தை. எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்பதற்கான துப்பு அந்தப் பெயரிலேயே இருந்தது! 1935-ல் 'லான்செட்' இதழில் அந்தப் பெயரோடேயே எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவப் பாடநூல்களில் அந்தத் தாய்மார்கள் வைத்த பெயர்தான்.

இதே சிசிலி பின்னால் உலக சுகாதார நிறுவனத்தில் தாய்-சேய் நலப் பிரிவுக்குத் தலைவரானார். 1960-களில் பெய்ரூட்டில் இருக்கிற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். அவர் வார்டை விட்டு வகுப்புக்குப் போனது யாருக்கு நஷ்டம்? ஒருவருக்கும் இல்லை. ஏனென்றால், அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது அந்தத் தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார்.

வழி ஒரு பக்கமாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 1917-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டயட்டீஷியன்கள் கிளீவ்லாண்ட் நகரில் கூடி தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் லென்னா கூப்பர். கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக் நடத்திய பேட்டில் கிரீக் சானடோரியத்தில், மாணவிகளுக்கு உணவியல் பள்ளி நடத்தியவர். அவர் பிற்பாடு நியூயார்க்கில் மான்டிஃபியோர் மருத்துவமனையின் உணவுத் துறைக்குத் தலைமை ஏற்கப் போனார். 1928-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து பாடநூலும் எழுதினார். வகுப்பு, ஆஸ்பத்திரி, புத்தகம் எல்லாம் அவருக்கு ஒரே வேலைதான்.

நம்ம ஊர் மருத்துவக் கல்லூரிகளில் இந்த வசதி இயல்பாகவே இருக்கிறது. மெடிசின் புரொபசர் காலையில் வார்டில் நோயாளி பார்ப்பார், மத்தியானம் வகுப்பெடுப்பார். உணவியல் படிப்புகளோ பெரும்பாலும் மனையியல் துறைகளில் வளர்ந்தவை. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்காது. மாணவிகள் சில மாதம் பயிற்சிக்குப் போய்வருவதோடு சரி, ஆசிரியர் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யுஜிசி 2018-ல் வகுத்த விதிகளில் உதவிப் பேராசிரியருக்குக் கேட்கப்படுவது முதுகலையில் 55 சதவிகிதம், கூடவே நெட் அல்லது செட் தேர்வு, இல்லாவிட்டால் பிஎச்.டி. பதினெட்டு வருடம் நோயாளி பார்த்தவர் என்பது அந்தத் தகுதிப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை. பாட்டியிடம் கற்ற பாடத்துக்கு சர்டிபிகேட் கிடையாதே!

ஆகவே, அவரிடம் நான் சொன்னது இதுதான். "தாராளமாப் போங்க. நீங்க போகாட்டி அந்தப் பாட்டி சொன்னது உங்களோட ரிட்டயர் ஆகிடும். ஆனா, உங்களைப் பார்த்து 'நடக்காது'ன்னு சொல்ற ஒரு ஆளைக் கூடவே வெச்சுக்குங்க."

இது சாப்பாட்டு விஷயத்தோடு நிற்பதில்லை. பதவி உயர்வு என்று நாம் சந்தோஷப்படுகிற பலதும் இப்படித்தான் இருக்கிறது. கடைக் கவுன்டரில் நின்றவர் மேனேஜராகி கண்ணாடி அறைக்குள் போகிறார். வயலில் நின்ற வேளாண் அலுவலர் கலெக்டர் ஆபீஸ் ஃபைலுக்குள் போகிறார். வகுப்பெடுத்தவர் தலைமையாசிரியராகி ரிஜிஸ்டருக்குள் போகிறார். சம்பளம் கூடுகிறது. கூடவே, மறுத்துப் பேசுகிற குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. நாம் புத்திசாலியாகிவிட்டதால்தான் யாரும் மறுப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சறுக்கல் ஆரம்பம்.

அவர் இப்போது வியாழக்கிழமை காலைகளில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகிறார். முதல் மாதம் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்று கண்டிஷன். கேட்க மட்டும்தான் அனுமதி. வீட்டில் யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்கு, அடுப்பு எது, கடைக்கு யார் போகிறார்கள்.

போன மாதம் ஒரு மாணவி திரும்பி வந்து, "மேடம், நீங்க கிளாஸ்ல போட்ட டயட் சார்ட் அந்த ஐயாவுக்கு ஒத்து வராது. லாரி ஓட்டறவரு. வாரத்துல அஞ்சு நாள் ரோட்டுக் கடைச் சாப்பாடு. வீட்டுச் சமையலை வெச்சு நாம எழுதினா எப்படி?" என்றாளாம்.

"புரோட்டாக் கடையில என்னென்ன கிடைக்கும்னு லிஸ்ட் எடுத்துட்டு வா. அதுலேர்ந்து ஒண்ணு போடுவோம்" என்று அனுப்பியிருக்கிறார். போனில் இதைச் சொல்லும்போது அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த லிஸ்ட் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது. ரோட்டுக் கடையில் எண்ணெய் இல்லாமல் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் சொல்லலாம்.