அடுத்த வரிக்குப் போ

ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது இடையில் பிழைத்துவிட்டால் என்ன செய்வது? அந்த இடத்திலேயே நிற்பதா, திரும்ப முயல்வதா, ஒன்றும் நடவாததுபோல் அடுத்ததைப் பார்ப்பதா? அறநூல்களில் தேடவேண்டிய கேள்விபோலத் தெரியும். ஆனால் இதற்கு ஒற்றை வரியில் விடை எழுதும்படி முதன்முதலில் எம்மைக் கட்டாயப்படுத்தியது கணனிதான்.

2002க்குப் பிந்திய சமாதான வருடங்களில் யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி கணனி வகுப்புகள் தோன்றின. அவற்றில் ஒன்றில் நாம் படித்தது 1998இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6. பிறகு பல்கலைக்கழகத்தில் இன்னும் கொஞ்சம் படித்தோம், அது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்போது குசினியில் நிற்கிறோம். வெங்காயம் வெட்டும் கைக்கு மூளையின் உதவி அதிகம் வேண்டியதில்லை. ஆகவே பழைய பாடங்கள் திரும்பத் திரும்ப வந்து எதிரே நிற்கின்றன.

பேசிக் மொழிகளில் 'ஆன் எரர் கோட்டு' என்றொரு கட்டளை உண்டு. பிழை நேர்ந்தால் இன்ன இடத்துக்குப் போ என்று முற்கூட்டியே சொல்லி வைப்பது அது. அங்கே போனால் 'எர்' என்ற பெயரில் பிழையின் இலக்கம் காத்திருக்கும். 53 என்றால் கோப்பு இல்லை. 61 என்றால் வட்டு நிரம்பிவிட்டது. 71 என்றால் வட்டு ஆயத்தமாக இல்லை. அதைப் பார்த்தபின் பிழைத்த வரியையே மீண்டும் செய்யலாம், அதற்கடுத்த வரிக்குப் போகலாம், அல்லது வேறொரு குறித்த இடத்துக்குப் போகலாம். வட்டைப் போட மறந்திருந்தால் போடச் சொல்லிவிட்டு மீண்டும் முயல்வது சரி. வட்டே பழுதென்றால் அதே முயற்சி முடிவில்லாத சுற்றாகிவிடும். கையாளவந்த பகுதிக்கே விளங்காத பிழையென்றால்? அங்கே 'ஆன் எரர் கோட்டு 0' என்று எழுதிவிடு என்பது பழைய ஜீ.டபிள்யூ. பேசிக் கைநூலின் ஆலோசனை. வேலை நின்றுவிடும், பிழையின் பெயர் திரையில் வரும். தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லி நிற்கின்ற இந்த ஏற்பாட்டில் ஒரு மரியாதை இருப்பதாக எமக்குப் படுகிறது.

ஆனால் அவசரத்தில் எழுதுகிறவர்கள் விரும்பிப் பாவித்தது இன்னொரு வரியை: 'ஆன் எரர் ரிஸ்யூம் நெக்ஸ்ட்'. என்ன பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ. அதை உச்சியில் எழுதிவிட்டால் பிறகு எந்தப் பிழைச்செய்தியும் திரையில் வராது. நியாயமாகப் பார்த்தால் அந்த வரியில் குற்றமில்லை. இருக்குமோ இல்லையோ என்ற கோப்பை அழிக்கும்போது, இல்லாவிட்டால் போகட்டும் என்று கடந்துபோவது புத்திசாலித்தனமே. கடந்த உடனேயே 'எர்' என்ன சொல்கிறதென்று பார்க்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. வரியை எழுதினார்கள், நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

இதில் அதிகம் பேர் கவனியாத ஒரு பயங்கரம் இருக்கிறது. 'இப்படியானால் இதைச் செய்' என்று நாம் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறோம் என்று வையுங்கள். செய்யவேண்டியது அதற்குக் கீழ்வரியில் இருக்கிறது. அந்த நிபந்தனையைச் சோதிக்கும்போதே பிழை வந்தால் என்னாகும்? அடுத்த வரிக்குப் போ என்பதுதானே கட்டளை. அடுத்த வரி நிபந்தனைக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே உள்ளே போய்ச் செய்துவிடும். 'இவருக்கு அனுமதி உண்டா' என்று கேட்கப்போய், கேள்வியே உடைந்துபோனால், விடை 'உண்டு' என்றாகிவிடும். கேள்வி உடைந்ததை யாரும் அறியமாட்டார்கள்.

சி மொழியின் வழி வேறு. அங்கே வேலைசெய்த பகுதி 'முடியவில்லை' என்று ஒரு பெறுமானத்தைத் திருப்பித் தரும், காரணத்தை 'எர்னோ' என்ற இடத்தில் போட்டுவைக்கும். அதோடு அதன் கடமை முடிந்தது. வாங்கிப் பார்க்கவேண்டியது அழைத்தவரின் பொறுப்பு. பார்க்கும்படி யாரும் வற்புறுத்தமாட்டார்கள். எமது குசினியில் 'மூன்றாம் மேசைக்கு இரண்டு' என்று ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். சி மொழிக்காரர் பலர் இந்த அளவுக்கேனும் காது கொடுத்திருந்தால் எத்தனையோ கோலங்களைத் தவிர்த்திருக்கலாம்.

அப்படியானால் பிழை கண்ட இடத்தில் நிற்பதுதான் நேர்மையா? அதுவும் இல்லை. 1996 யூன் 4ஆம் திகதி பிரெஞ்சுக் கயானாவின் கூரூவிலிருந்து ஆரியான் 5 ரொக்கட் முதற் தடவையாகக் கிளம்பியது. இயந்திரம் மூண்டு ஏறக்குறைய 37 செக்கனில், அதன் திசையையும் அசைவையும் அளக்கும் கணனி, 64 பிட் எண்ணொன்றை 16 பிட்டுக்குள் அடக்க முயன்றது. அதற்குள் 32,767க்கு மேல் கொள்ளாது. வந்த எண் அதைவிடப் பெரிது. இப்படி ஆபத்துள்ள எண்கள் ஏழு என்று கண்டு, நான்குக்குக் காப்பு எழுதி, மூன்றை விட்டிருந்தார்கள். கணனியின் வேலைச்சுமை 80 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒரு காரணம். பிழை வந்ததும் கணனி விதிப்படி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக்கு வைத்திருந்த கணனியோ அதே புறோகிராம், அதே பிழை. கணப்பொழுது முந்தியே நின்றுவிட்டது. நின்ற கணனி அனுப்பிய பழுதுக்குறிப்பைப் பறப்புத் தகவலென்று நினைத்து வழிநடத்தும் கணனி ரொக்கட்டைத் திருப்ப, அது உடைந்து சிதறியது. நான்கு கிளஸ்ரர் செய்மதிகளும் போயின.

நிற்க. எம்மை உறுத்துவது ரொக்கட் அல்ல. கொள்ளாமல்போன அந்த எண்ணைக் கணித்த வேலை, ஆரியான் 5 நிலத்தை விட்டெழுந்தபின் எதற்குமே பயன்படாதது. ஆரியான் 4 காலத்துத் தேவைக்காக எழுதப்பட்டு, கழற்றப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எம்மோடு கோப்பை கழுவும் ஒருவரின் அகதி விண்ணப்பம் இப்படித்தான் விழுந்தது. எந்த நாடென்று எழுதவேண்டாமென்று கேட்டிருக்கிறார். முதல் விசாரணையில் தடுப்பிலிருந்து விட்ட திகதியாக ஒன்றைச் சொன்னார், இரண்டாவதில் வேறொன்றை. அவருக்கு நினைவு நிற்பது ஊர்க்கோயில் கொடியேற்றத்துக்கு முன், பின் என்றுதான். அடிபட்டதில் மாற்றமில்லை, முதுகிலிருக்கும் தழும்பில் மாற்றமில்லை. அந்தக் கதைக்கு வேண்டாத ஒரு பெறுமானம் பெட்டிக்குள் அடங்கவில்லை, முழுவதும் நின்றுவிட்டது. சந்தேகம் வந்தால் மேற்கொண்டு கேள் என்று அங்கே ஒருவரும் எழுதிவைக்கவில்லைப் போலும்.

அவரோடு இதையெல்லாம் கதைத்தோம். 'தம்பி, நின்று பார்த்திருந்தால் நான் உயிரோடு வந்திருக்கமாட்டன்' என்றார். உண்மை. தமிழில் பிழைத்தல் என்ற சொல்லுக்குத் தவறுதல் என்றும் உயிர்தப்புதல் என்றும் இரு பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஓடுகிறவரிடம் ஒவ்வொரு அடியிலும் திரும்பிப் பார் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஓடிவந்து இத்தனை வருடமான பின்பும் அதே வரியில் இருக்கலாமா என்பது வேறு விடயம். வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறோம். 'சுகமோ' என்றால் 'சுகம்' என்கிறார்கள். நாமும் சுகம் என்கிறோம். அம்மாவின் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தின் பின்தான் எமக்குத் தெரியவந்தது. எமது இரண்டாவது வேலை போனது அவருக்கு இன்னும் தெரியாது.

சி மொழியில் அடுத்த வேலை சரியாக நடந்தாலும் 'எர்னோ' தானாக 0 ஆவதில்லை. பழைய இலக்கம் அங்கேயே கிடக்கும். பேசிக்கில் பிழைத்த இடத்தைச் சொல்ல 'எர்ல்' உண்டு. ஆனால் வரிகளுக்கு இலக்கம் போட்டிருந்தால்தான் சொல்லும், போடாவிட்டால் 0 என்றுதான் வரும்.

மேன்முறையீட்டுக்காக அவர் இப்போது ஒரு கொப்பியில் வருடம், மாதம், திகதி போட்டு எழுதிவருகிறார். திருவிழாக்களைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துத் திகதியாக்கிக் கொடுப்பது எமது வேலை. 2008 முடிந்துவிட்டது. 2009 ஏப்பிரலுக்கு வந்ததும் நிறுத்தினார். மூன்று கிழமையாகக் கொப்பி குளிர்ப்பெட்டிக்கு மேல் கிடக்கிறது.