ஸ்பேனரும் அதைப் பிடித்த கையும்

பழைய வண்டி மேலயும் பழைய டூல்ஸ் மேலயும் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. காயலான் கடையில் துருப்பிடித்த விட்வொர்த் ஸ்பேனர் ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு மனசு நிறைஞ்சிரும். இப்போதைய ஸ்பேனரில் 13, 14 என்று வாயின் அகலத்தைப் போட்டிருக்கும். விட்வொர்த்தில் அது எந்தப் போல்ட்டுக்கு என்று போல்ட்டின் கனத்தைப் பொறித்திருப்பார்கள். 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை அது. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் பெரும்பாலும் சரியா உட்காராது, நட்டின் முனையை மழுக்கிவிடும். இரும்புகூட தான் எங்கிருந்து வந்தேன் என்பதைத் தன் மேல் எழுதி வைத்திருக்கிறது.

"எஜமானனுங்க ஏறிப் போன வண்டியில உனக்கென்னய்யா பாரம்பரியம்?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் சனத்தை ஏற்றமாட்டோம் என்று சொன்ன பஸ் முதலாளிகள் இங்கே இருந்தார்கள். 1920-களின் இறுதியில், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் போகும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. எஞ்சின் வந்தால் சாதி தானாக உதிரும் என்று நம்பியவர்கள் 1997-ஐ நினைத்துப் பார்க்கட்டும். விருதுநகரில் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டியது பஸ்ஸை மறித்துத்தான்.

இருந்தும் அந்த இரும்பை நான் விடமாட்டேன். காரணம் தோல். ஆரம்பகால மோட்டார்கள் பலவற்றில் கிளட்ச் கூம்பு வடிவம். கூம்பின் மேல் போர்த்தியிருந்தது தோல். காய்ந்துபோனால் வெடுக்கென்று பிடித்து வண்டியைக் குலுக்கும், எண்ணெய் அதிகம் பட்டால் வழுக்கும். பட்டறையில் கடைசல் எந்திரத்தைச் சுற்றிய பெல்ட் தோல். உலையை ஊதிய துருத்தி தோல். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தொழிலின் மேல்தான் இந்த மோட்டார் உலகம் ஓடியிருக்கிறது. வண்டியில் ஏறாதே என்றவன் கிளட்சை மிதித்தபோது எதை மிதித்தான்?

1929-ல் சாலிஸ்கானில் அம்பேத்கருக்கு நடந்ததை யோசியுங்கள். அவரை ஏற்றிப் போக டோங்காக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியைத் தருகிறேன், நான் ஓட்டமாட்டேன் என்றான் ஒருவன். ஓட்டிப் பழகாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. இங்கே கருவி கிடைத்தது, கைப்பழக்கம் கிடைக்கவில்லை. சாதி பூட்டி வைத்திருந்தது சாமானை மட்டுமல்ல, அதைப் பழகுகிற வாய்ப்பையும் சேர்த்துத்தான். 'கருவிக்குச் சாதி கிடையாது' என்கிற நல்ல மனசுக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

ஆயுத பூசை அன்றைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம், குங்குமம், பொரி. அதைப் பிடித்த கைக்கு? தகரம் பளபளக்க நிறுத்திவைத்த பழைய கார்களின் முன்னால் உள்ள அட்டையில் கம்பெனி பெயர், வருடம், குதிரைத்திறன், வைத்திருந்த சீமானின் பெயர் எல்லாம் இருக்கும். ஹாண்டில் போட்ட கிளீனர் பெயர் இருக்காது. அப்படிப் பாதுகாப்பது பாதி உண்மையைத்தான் பாதுகாப்பது. பாதி உண்மைக்குப் பாலிஷ் போட்டால் அது பொய்யாகத்தான் மினுங்கும்.

ஹாண்டில் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அதனால் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைக்கணும். கீழே அமுக்கக்கூடாது, மேலே இழுக்கணும். இது புத்தகம் படித்து வந்ததில்லை. உங்கள் சேரியில் லாரி கிளீனராக இருந்த பெரியவர் யாராவது இன்னும் இருப்பார். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வண்டி, என்ன கூலி, ஊருக்குள் வண்டி நின்றால் டீ எங்கே, எந்தக் கிளாஸில் குடித்தார். எழுதி வையுங்கள். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.